ஆமையின் நினைப்பும் மணலின் சூடும்

சைவ தீட்சை முறைகளை விளக்குகிறவர்கள் மூன்று பிராணிகளை உதாரணம் காட்டுவது வழக்கம். பறவை தன் முட்டையைத் தொட்டு அணைத்துப் பொரிக்கிறது; அது ஸ்பரிச தீட்சை. மீன் தன் முட்டையைப் பார்த்தே பொரிக்கிறது. அது நயன தீட்சை. ஆமையோ கரையில் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்தபடி ஓயாமல் நினைத்துக்கொண்டே இருக்கிறது, அந்த நினைப்பின் பலத்தில் கரையிலே முட்டை பொரிகிறது. அது மானச தீட்சை. குரு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவருடைய சங்கல்பம் சிஷ்யனை எட்டும் என்பதற்கு இதைவிட நல்ல உவமை கிடைப்பது கஷ்டம். இந்த உவமையை முதலில் சொன்னவன் கரையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். தாய் திரும்பி வருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறான். தாயின் உடம்புச் சூடு படாமலே முட்டை பொரிகிறது என்பதையும் கவனித்திருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் ஒரு காரணம் தேவைப்பட்டது. காலியாக இருந்த அந்த இடத்தில் நினைப்பை வைத்தான்.

அதே இடத்தில் இன்று நாம் வைப்பது மணலின் சூட்டை. விஷயம் இத்தோடு நின்றிருந்தால், பழைய நம்பிக்கை ஒன்றை விஞ்ஞானம் திருத்திவிட்டது என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். அப்படிப்பட்ட கட்டுரைகள் தமிழில் ஏராளம். மூடநம்பிக்கையைக் கண்டு சிரித்த திருப்தியோடு முடிந்துவிடும். ஆனால் மணல் முட்டையைப் பொரிப்பதோடு நிற்பதில்லை. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதையும் மணல்தான் முடிவு செய்கிறது. என்னைக் கொஞ்ச காலமாகத் தொந்தரவு செய்துகொண்டிருப்பது இந்த விஷயம்தான்.

நம் கரையில் அதிகமாக வந்து முட்டையிடுவது பங்குனி ஆமை. பெயர் பங்குனி என்றாலும் தை மாதத்திலேயே வரத் தொடங்கிவிடும். ராத்திரியில் கரையேறிப் பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி பறித்து, நூறு நூற்றிருபது முட்டைகளை இட்டு, மூடி, தன் உடம்பாலேயே தட்டிச் சமப்படுத்திவிட்டுப் போய்விடும். 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். உள்ளே இருக்கும் கருவுக்கு ஆண் என்றோ பெண் என்றோ முன்கூட்டி எழுதிவைத்த குரோமோசோம் கிடையாது. அந்த நாட்களை மூன்று பங்காக்கினால் நடுப் பங்கில், மணல் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதைப் பொறுத்து விஷயம் தீர்மானமாகிறது. சுமார் 29, 30 டிகிரி செல்சியஸில் இரண்டும் கலந்து பிறக்கும். அதிலிருந்து இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் அநேகமாக எல்லாமே ஆண். இரண்டு மூன்று டிகிரி ஏறினால் எல்லாமே பெண். இன்னும் ஏறி 35ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் எதுவும் பிறப்பதில்லை. அரோமடேஸ் என்று ஒரு என்சைம், ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுவது. சூடு ஏற ஏற அதன் வேலையும் ஏறுகிறது. அதன் போக்கில் ஒரே திசு விரையாகவோ சினைப்பையாகவோ ஆகிவிடுகிறது. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வளரும் கருக்கள் தாமும் கொஞ்சம் சூட்டை வெளியிடுவதால் குழியின் நடுவே இருக்கும் முட்டைகள் ஓரத்தில் இருப்பவற்றைவிடச் சற்று அதிகச் சூட்டில் இருக்கின்றன. கூடப் பிறப்பவர்களின் நெருக்கமும் ஒருவர் என்னவாகப் பிறப்பார் என்பதில் பங்கு கொள்கிறது.

ஊர்வனவற்றில் இப்படி நடக்கிறது என்று முதலில் எழுதியவர் மதலேன் ஷர்னியே என்ற பெண்மணி. 1966இல், செனகலின் டாக்கார் நகரத்தில் இருந்துகொண்டு, ஆமையைப் பற்றி அல்ல, ஓணானின் இனத்தைச் சேர்ந்த ஒரு பல்லியைப் பற்றி எழுதினார். சின்னக் குறிப்பு, மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு உயிரியல் சங்கத்தின் ஏட்டில், பிரெஞ்சில். சில வருஷங்களுக்கு அதைக் கண்டுகொண்டவர்கள் அதிகமில்லை. சிறு ஏடுகளில் எழுதுகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது. ஆறுதலை இதற்கு மேல் நீட்டக் கூடாது.

சூடு ஆண் பெண்ணை நிர்ணயிக்கிறது என்ற கருத்து புதிதல்ல. அரிஸ்டாட்டில் சொல்லியிருக்கிறார். அவர் கணக்கில் உயிர்ச்சூடு மிகுந்தால் ஆண், குன்றினால் பெண். வடகாற்று அடிக்கும்போது சேர்ந்தால் கடாக்குட்டி, தென்காற்றில் பெண்குட்டி என்று ஆட்டிடையர்கள் சொன்னதையும் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். பெண் என்பது சூடு பற்றாமல் நின்றுபோன ஆண் என்ற அபிப்பிராயம் இதற்கு அடியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆமையிடம் வந்தால் கணக்கு நேர் தலைகீழாகிறது: சூட்டில் பெண், குளிர்ச்சியில் ஆண். சரி, அரிஸ்டாட்டிலைக் கவிழ்த்தாயிற்று என்று சந்தோஷப்பட்டால் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நடந்த ஆராய்ச்சி அந்தச் சந்தோஷத்தையும் கெடுக்கிறது. 1989இல் வெளியானது. நம் ஊர்ச் சதுப்பு முதலையின் முட்டைகளை 28 முதல் 31 டிகிரி வரை எங்கே வைத்தாலும் பெண்ணே பிறந்தது, 32.5இல் ஆண் மட்டும். ஆமையைப் பெண்ணாக்கும் அதே சூடு முதலையை ஆணாக்குகிறது. சூட்டுக்கென்று சொந்தமாக ஒரு அர்த்தமும் இல்லை. எந்த உடம்பு அதைப் படிக்கிறதோ அந்த உடம்பில்தான் அர்த்தம். 'காலத்தின் உஷ்ணம்', 'சொல்லின் வெப்பம்' என்றெல்லாம் விமர்சனத்தில் தாராளமாக எழுதுகிறோம். உஷ்ணம் என்று சொன்ன மாத்திரத்திலேயே ஏதோ ஒரு குணத்தைச் சொல்லிவிட்டதாக நினைப்பு.

இதில் உண்மையில் அடி வாங்குவது இயல்பு என்ற சொல் என்று எனக்குப் படுகிறது. இயல்பு என்றால் உள்ளே இருப்பது, சூழல் என்றால் வெளியே இருப்பது. விதைக்குள் ஆலமரம் ஏற்கெனவே இருக்கிறது, மழையும் மண்ணும் அதை வெளியே கொண்டுவருகின்றன. நம்முடைய அறவிசாரத்தில் பெரும்பகுதி இந்தப் பிரிவினை மேல் நிற்கிறது. ஒருவனுடைய இயல்பைக் கெடுக்காதே, இயல்பாக வளரவிடு, இயல்புக்கு மாறாக எதையும் செய்யாதே என்கிறோம். பங்குனி ஆமையின் முட்டையை வைத்துக்கொண்டு இதில் எதைச் சொல்வது? அதன் உள்ளே இருப்பது ஆணோ பெண்ணோ அல்ல. வெளியிலிருந்து வரும் ஒரு சமிக்ஞைக்குப் பதில் சொல்லும் திறன் மட்டுமே இருக்கிறது. வெளிச்சூழலைக் கழித்துவிட்டு 'இதன் சொந்த இயல்பு என்ன?' என்று கேட்டால் கேள்விக்கே பொருளில்லை. எந்த மணலும் இல்லாத ஆமை கிடையாது. ஊழ் என்று வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். ஊழ் என்றால் வினையின் பயன். பின்னால் எங்கேயோ செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். மணல் எந்த வினையின் கணக்கையும் தீர்ப்பதில்லை. அன்றைக்கு மேகம் இருந்ததா, பக்கத்தில் சவுக்கு நிழல் விழுந்ததா, அலை வந்து நனைத்ததா என்பதோடு அதன் சமாச்சாரம் முடிந்துவிடுகிறது.

இனி மனிதர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்திலேயே சென்னைக் கடற்கரையில் சிலர் ராத்திரி ராத்திரியாக நடந்து ஆமை முட்டைகளைத் தேடி எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். 1988இலிருந்து மாணவர்கள் அதை ஒரு அமைப்பாகவே செய்துவருகிறார்கள். நாய், முட்டை திருடுகிறவர்கள், இதற்கெல்லாம் மேலாக ஊர் விளக்குகள். குஞ்சு வெளிச்சமான திசையைப் பார்த்து ஓடும் சுபாவம் உள்ளது; கடல் பக்கம்தான் வெளிச்சம் என்று கோடிக்கணக்கான வருஷங்களாக இருந்தது, இப்போது ரோடு பக்கம் இருக்கிறது. ஆகவே முட்டைகளை எடுத்துத்தான் ஆகவேண்டும். இதே வேலை உலகத்தின் பல கரைகளிலும் நடந்தது. சில இடங்களில் முட்டைகளை மணல் நிரப்பிய தெர்மோகோல் பெட்டிகளில் அடுக்கிக் கொட்டகை நிழலில் வைத்தார்கள். நாய் தொடாது, வெள்ளம் வராது, நாளைக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கலாம். பெட்டியின் உள்ளே கரையின் மணலைவிடச் சற்றுக் குளிர்ச்சி. மிரொசோவ்ஸ்கியும் இன்டெமாவும் 1980இல் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள்: நீங்கள் காப்பாற்றி அனுப்புவது பெரும்பாலும் ஆண்களாக இருக்கக்கூடும். 1982இல் இன்னொரு கட்டுரை. 1985இல் சூரினாமில் ஏழுவரி ஆமையின் குஞ்சுகளை வைத்து, பெட்டியில் பொரித்தவை ஆண் பக்கம் சாய்வது உறுதிப்பட்டது. பெண் இல்லாமல் அடுத்த தலைமுறைக்குக் கரையேறுவது யார்? ஒவ்வொரு முட்டையையும் காப்பாற்றிக்கொண்டே ஒரு வம்சத்தை முடித்துவைக்க முடியும்.

இவர்களை எப்படி மதிப்பிடுவது? கான்ட்டின் வழியில் போனால் சிரமமில்லை. நல்லெண்ணம் பலன் தராவிட்டாலும் நல்லெண்ணமே. 1975இல் பெட்டியில் முட்டை அடுக்கியவன் மீது ஒரு மாசும் இல்லை. பலனை மட்டும் பார்க்கிறவனுக்கும் சிரமமில்லை: தப்பான காரியம், அவ்வளவுதான். இரண்டு பதிலுமே எனக்குத் திருப்தி தரவில்லை. ஏனென்றால் இரண்டுமே 1980க்கு முந்தியவனைப் பற்றியே பேசுகின்றன. தெரிந்துகொண்ட பிறகு அதே மனிதன் என்ன செய்யவேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி. தெரியாதவரை அவன் இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தான்: இங்கே புதைக்கலாமா, அங்கேயா. தெரிந்த மறுநாள் அதே கடப்பாரையோடு அதே மணலில் நிற்கிறான், ஆனால் இப்போது அவன் தேர்ந்தெடுப்பது ஆணையும் பெண்ணையும். நிழல் என்றால் ஆண், வெயில் என்றால் பெண். ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் முட்டையைப் புதைக்க இடம் கிடையாது. எங்கே புதைத்தாலும் அந்த இடத்துக்கு ஒரு சூடு உண்டு.

இதில் யாருக்கு அநியாயம் நடக்கிறது என்று கேட்டால் இன்னும் சிக்கல். டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு புதிர் போடுகிறார். நம்முடைய முடிவுகளால் எதிர்காலத்தில் யார் பிறப்பார் என்பதே மாறிவிடுகிறது. அப்படியானால் பாழான உலகத்தில் பிறந்தவன் நம்மைக் குறை சொல்ல முடியாது, நாம் வேறு மாதிரி நடந்திருந்தால் அவனே இருந்திருக்க மாட்டான். ஆமை விஷயத்தில் அந்தப் புதிர் வேறு உருவம் எடுக்கிறது. இங்கே வேறு ஒருவர் பிறப்பதில்லை. முட்டை அதேதான், தாய் தந்தையரிடமிருந்து வந்தது எல்லாம் அதேதான். அதே ஒன்று இப்படி ஆகலாம், அப்படியும் ஆகலாம். ஆனாலும் குறை சொல்ல ஒருவரும் இல்லை. ஆணாக நீந்துவதைவிடப் பெண்ணாக நீந்துவது ஆமைக்கு மேல் என்றோ கீழ் என்றோ சொல்ல இடமில்லை. ஆயிரம் குஞ்சுகளை எடுத்து ஒவ்வொன்றாக விசாரித்தாலும் நஷ்டப்பட்டது ஒன்றுகூடக் கிடைக்காது. ஆனால் ஆயிரத்தையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. நம்முடைய தர்மசாஸ்திரங்கள், புதியதோ பழையதோ, ஒருவனுக்கு ஒருவன் செய்யும் தீங்கை அளக்கப் பழகியவை. பாதிக்கப்பட்டவர் என்று கைகாட்ட யாருமில்லாத தீங்குக்கு அவற்றிடம் முழக்கோல் கிடையாது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், கவிதை எழுதுகிறவர், சற்று எரிச்சலோடு சொன்னார்: "விட்டுடுங்களேன் சார். பத்து கோடி வருஷமா ஆமை தானே பார்த்துக்கிட்டது. நீங்க யாரு நடுவுல?" கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. எந்த மணலில் விடுவது என்று அவர் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுத் தொடரின் வடகோடியில் ரெயின் தீவு என்று ஒன்று இருக்கிறது. பச்சை ஆமைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இடம். அங்கே யாரும் முட்டையை எடுத்துத் தெர்மோகோல் பெட்டியில் வைக்கவில்லை. அந்த வடபகுதி மணல்களில் பிறந்த ஆமைகளைக் கடலில் பிடித்து ஆணா பெண்ணா என்று பார்த்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். வளர்ந்த ஆமைகளில் 86.8 சதவீதம் பெண். வாலிபப் பருவத்தில் இருப்பவற்றில் 99.8. இன்னும் சிறியவற்றில் 99.1. தெற்கே, குளிர்ந்த கரைகளிலிருந்து வந்தவற்றில் பெண் 65 முதல் 69 சதவீதம்தான். வடக்கில் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பெண்ணே பிறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2024ஆம் வருஷம், தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியை உலக வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் தாண்டிய முதல் வருஷம். செய்தித்தாளில் ஒன்றரை டிகிரி என்று படிக்கும்போது நமக்கு ஒன்றும் உறைப்பதில்லை. விசிறியை ஒரு எண் கூட்டி வைக்கிற சமாச்சாரம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஆமைக்கு உள்ள தூரமே இரண்டு மூன்று டிகிரிதான். அதில் பாதியை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். 'இயற்கையிடம் விட்டுவிடு' என்று நண்பர் சொல்கிற இயற்கை நம் கை பட்டுச் சூடேறிய மணல். அதில் விடுவதும் நாம் தேர்ந்தெடுத்ததுதான், கையில் கடப்பாரை இல்லை என்பதுதான் வித்தியாசம்.

போன வருஷம் மாசிக் கடைசியில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டிய வேலி. உள்ளே வரிசை வரிசையாகக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு எண்ணிக்கை. பாதி வரிசைகளுக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பின்பருவத்தில் மணல் கொதிக்க ஆரம்பித்துவிடும், அதற்காக என்று அங்கிருந்த பையன் சொன்னான். பந்தலுக்குக் கீழே எந்த முட்டைகள், வெளியே எந்த முட்டைகள் என்று எப்படி முடிவு பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். "வந்த வரிசைதான் சார். இந்தப் பக்கம் ரொம்பிடிச்சின்னா அந்தப் பக்கம்" என்றான். அவன் சிரிக்கவில்லை. நானும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஏனென்றால் வேறு எந்த அளவுகோலை வைத்து முடிவு பண்ணுவது? சரிபாதி என்பது மனிதக் கல்யாணக் கணக்கு, ஆமைக்குப் பொருந்தாது. ஒரு ஆண் பல பெண்களோடு சேரும், ஆகவே பெண் கொஞ்சம் மிகுந்திருப்பதில் கெடுதல் இல்லை. பழைய இயற்கை விகிதம் என்றும் ஒரே எண் இருந்ததில்லை. தையில் இட்ட முட்டைகள் குளிர்ந்த மணலில், பங்குனியில் இட்டவை கொதிக்கும் மணலில். செடி நிழலில் ஒன்று, வெட்டவெளியில் ஒன்று. மழை பெய்த வருஷம் ஒரு மாதிரி, காய்ந்த வருஷம் இன்னொரு மாதிரி. தன் மொத்த முட்டைகளையும் ஒரே சூட்டில் ஆமைகள் என்றைக்கும் வைத்ததில்லை. தெர்மோகோல் பெட்டியின் கெடுதல் அது தவறான டிகிரியில் இருந்ததைவிட, எல்லாப் பெட்டிகளும் ஒரே டிகிரியில் இருந்ததில்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நல்ல மனதுள்ள நிர்வாகிகள் எங்கே போனாலும் செய்கிற காரியம் அது. சிறந்தது என்று ஒன்றைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் அதையே தருவது. இன்று யாராவது ஆராய்ந்து 29.5 டிகிரிதான் உத்தமம் என்று கண்டுபிடித்து, எல்லாக் குழிகளுக்கும் கம்பி செருகி அந்தச் சூட்டிலேயே வைத்தால், அது பெட்டியைவிடக் கெட்டிக்காரத்தனமான பெட்டி. பந்தல் பாதிக்கு இருந்து பாதிக்கு இல்லாமல் இருப்பதும், முட்டைகள் தை முதல் கடைசிவரை எல்லா மாதத்திலிருந்தும் வந்து சேர்வதும், ஆமைகள் தாமாக வைத்திருந்த விரிவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. காப்பாற்றத் தகுந்தது அந்த விரிவு என்பது என் அபிப்பிராயம். எது ஆண், எது பெண் என்று ஒவ்வொரு குழியிலும் முடிவெடுக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. முடிவெடுக்காமல் இருக்கும் வசதியும் போய்விட்டது. மிஞ்சுவது, முடிவு ஒரே பக்கமாகப் போய்விடாமல் மணலைப் பலவிதமாக வைத்திருப்பது. இதுவும் ஒரு முடிவுதான் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

இந்த வேலையைச் செய்கிறவனுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. தான் செய்தது சரியாக வந்ததா என்று அவனால் பார்க்க முடியாது. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சைத் திருப்பிப் பார்த்து ஆண் பெண் சொல்ல வழியில்லை. வெகு காலத்துக்கு, அறுத்து உள்ளே பார்ப்பதுதான் நிச்சயமான வழியாக இருந்தது. அதாவது காப்பாற்றியது எது என்று தெரிய அதைக் கொல்லவேண்டும். குழியிலேயே செத்துப்போன குஞ்சுகளை வைத்து உத்தேசக் கணக்குப் போடுகிறார்கள். ரத்தத்தைப் பரிசோதித்துச் சொல்லும் முறைகளும் இப்போது வந்திருக்கின்றன, கடற்கரையில் குச்சி நடுகிற பையனின் கைக்கு அவை எட்டுவதில்லை. கடலில் விட்ட குஞ்சு வயதுக்கு வர பத்து வருஷத்துக்கு மேலாகும். வந்தாலும் கரையேறுவது பெண் மட்டும். ஆண் ஒரு தடவை கடலில் இறங்கினால் திரும்பக் கரைக்கு வருவதே அபூர்வம். பந்தலுக்குக் கீழே பொரித்தவை எத்தனை பிழைத்தன என்பதற்கு அவனுக்கு எந்தச் சாட்சியும் வரப்போவதில்லை. வரிசையில் குச்சி நட்டு, தேதி எழுதி, கீற்றைச் சரிசெய்துவிட்டு, மிச்சத்தைக் கடலுக்குப் போன ஆமையைப் போல அவனும் தூரத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பையனுக்கு மறுநாள் காலை செமஸ்டர் பரீட்சை என்று சொன்னான். மணி இரண்டரை ஆகியிருந்தது, இன்னும் மூன்று கிலோமீட்டர் கரை பாக்கி இருந்தது.